ஆட்டம் முடிந்த பின்

நுழையும்முன்

வெற்றியைக் கொண்டாடுவது எளிது. தோல்வியை எடுத்துவைத்து ஆராய்வது அரிது. அறுபத்து நான்கு கட்டங்களுக்குள் அடங்கும் சதுரங்கம் இந்த அரிய பழக்கத்தைத் தன் மரபாகவே கொண்டுள்ளது. ஆடி முடித்தவர்கள் ஒன்றாக அமர்ந்து ஆட்டத்தை ஆராய்வதும், ஒரு புதிரைப் பலர் கூடி விடுவிப்பதும் சிந்தனையை எவ்வாறு கூர்மையாக்குகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. கைப்பேசி நொடியில் விடை தரும் இக்காலத்தில் அப்பழக்கம் இன்னும் தேவையா என்ற வினாவுக்கும் விடை தேடுகிறது.

பள்ளி அளவிலான சதுரங்கப் போட்டியில் ஓர் ஆட்டம் முடிவடைகிறது. மாணவர் இருவர் கைகுலுக்கி, குறிப்புத்தாளில் கையொப்பமிட்டு எழுகின்றனர். வென்றவர் நண்பர்களிடம் ஓடுகிறார். தோற்றவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறார். மறுநாள் அச்சட்டை சலவைக்குச் செல்லும். தாளில் எழுதிய நகர்த்தல்கள் அனைத்தும் நீரில் கரைந்துபோகும். ஆட்டம் எந்த இடத்தில் கைநழுவியது என்று அறியாமலேயே அவர் அடுத்த போட்டிக்குச் செல்வார். அதே இடத்தில் மீண்டும் இடறுவார்.

வேறொரு காட்சியையும் எண்ணிப் பார்க்கலாம். அதே இருவர், பிறர் ஆட்டத்திற்கு இடையூறு நேராதவாறு அரங்கிற்கு வெளியே வந்து ஒரு பலகையை விரிக்கின்றனர். காய்களைத் தொடக்க நிலையில் அடுக்கி, குறிப்புத்தாளைப் பார்த்து ஒவ்வொரு நகர்த்தலாக மீண்டும் நிகழ்த்துகின்றனர். “இந்த இடத்தில் குதிரையை ஏன் பின்னுக்கு எடுத்தாய்?” என்று கேட்கிறார் வென்றவர். “உன் யானை உள்ளே வந்துவிடும் என்று பயந்தேன்” என்கிறார் தோற்றவர். “அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லையே!” என்கிறார் வென்றவர். இருவரும் சிரிக்கின்றனர். இல்லாத ஆபத்துக்கு அஞ்சியதால்தான் ஆட்டம் தோற்றது என்பது அப்போது வெளிப்படுகிறது. அந்த உண்மை எந்தக் குறிப்புத்தாளிலும் இல்லை. எதிரில் அமர்ந்திருந்தவரைக் கேட்டாலன்றி அது தெரியவராது.

மடிக்கப்பட்ட தாளுக்கும் விரிக்கப்பட்ட பலகைக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். உண்மையில், ஒருவர் தேங்கி நிற்பதும் மேலே வளர்வதும் அவ்வேறுபாட்டைப் பொறுத்தே அமைகின்றன.

தோல்வியைத் திறந்து பார்க்கும் மரபு

வென்றவரும் தோற்றவரும் அருகருகே அமர்ந்து, சற்றுமுன் நடந்த போரைச் சேர்ந்து ஆராயும் வழக்கம் பிற விளையாட்டுகளில் அரிது. சதுரங்கத்தில் அது இயல்பான நிகழ்வு. நெடுநேர ஆட்டங்களில் இருவரும் தத்தம் நகர்த்தல்களையும் எதிராளியின் நகர்த்தல்களையும் எழுதிவர வேண்டும் என்பது விதி. எனவே ஆட்டம் முடிந்தபின்னும் அழிவதில்லை. எப்போது வேண்டுமானாலும் அதை மீண்டும் நிகழ்த்திப் பார்க்கலாம். ஆட்டக்காரர்கள் இந்த ஆய்வைப் ‘போஸ்ட்மார்ட்டம்’ என்று வேடிக்கையாகக் குறிப்பிடுவர். அப்பெயர் முழுவதும் பொருந்தாது. பிணக்கூறாய்வு மாண்டவரை மீட்பதில்லை. சதுரங்க ஆய்வோ தோற்றவரை அடுத்த ஆட்டத்திற்கு ஆயத்தப்படுத்துகிறது.

1948-இல் உலக வாகையர் பட்டம் வென்ற சோவியத் நாட்டு ஆட்டக்காரர் மிகைல் போத்வின்னிக் இந்தப் பழக்கத்தைத் தம் பயிற்சியின் அடித்தளமாக வைத்தார். ஆட்டக்காரர் தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து, அந்த ஆய்வைப் பிறர் அறிய வெளியிட வேண்டும் என்பது அவர் கொள்கை. தனக்குள் வைத்திருக்கும் கருத்தில் உள்ள பிழை தன் கண்ணுக்குத் தெரிவதில்லை. பலர் முன் வைத்தால், யாரேனும் ஒருவர் அதைக் கண்டு சொல்வார். தவறும்போது இடித்துரைப்பவரே நண்பர் என்பது திருக்குறள் கற்பிக்கும் நட்பின் இலக்கணம். சதுரங்கப் பலகையைச் சுற்றி அமரும் நட்பு அவ்விலக்கணத்திற்கு உகந்தது.

சிறந்த ஆட்டக்காரரின் மனம் எவ்வாறு இயங்குகிறது என்பதை டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட் ஆராய்ந்தார். அவ்வாய்வு 1946-இல் வெளிவந்தது. பலகையில் ஒரு நிலையைக் காட்டி, மனத்தில் ஓடும் எண்ணங்களை வாய்விட்டுச் சொல்லுமாறு அவர் ஆட்டக்காரர்களைக் கேட்டார். வல்லவர்கள் மற்றவர்களைவிட மிகப் பல நகர்த்தல்களை முன்கூட்டிக் கணக்கிடுகிறார்கள் என்ற பொதுவான நம்பிக்கையை அவ்வாய்வு உறுதிசெய்யவில்லை. வல்லவர்கள் தொடக்கத்திலேயே சரியான இடத்தைப் பார்த்தார்கள், அதுவே வேறுபாடு. சரியான இடத்தைக் காணும் அந்தப் பார்வை, ஆடிய ஆட்டங்களையும் பிறர் ஆடியவற்றையும் மீண்டும் மீண்டும் ஆராய்வதால் படிந்துவருவது.

மணிலாவின் மாலைப்பொழுதுகள்

இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் விசுவநாதன் ஆனந்த். 1969-இல் மயிலாடுதுறையில் பிறந்த அவருக்கு ஆறு வயதில் சதுரங்கம் கற்றுக்கொடுத்தவர் அவர் தாய் சுசீலா. தந்தையின் பணி நிமித்தம் குடும்பம் சில காலம் பிலிப்பைன்சில் வாழ்ந்தது. அந்நாட்டுத் தொலைக்காட்சியில் பகல் நேரத்தில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி ஒளிபரப்பானது. ஆட்டங்களைக் காட்டிய பின் ஒரு புதிரும் அதில் கேட்கப்படும். சிறுவன் ஆனந்த் அப்போது பள்ளியில் இருப்பான். தாய் ஆட்டங்களையும் புதிரையும் தாளில் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து புதிரை விடுவித்து, விடையை அஞ்சலில் அனுப்புவர். பரிசு ஒரு சதுரங்க நூல். பரிசுகள் தொடர்ந்து அவர்களுக்கே வந்தன. இறுதியில் நிகழ்ச்சியாளர்கள், வேண்டிய நூல்களை எல்லாம் எடுத்துக்கொண்டு இனிப் போட்டிக்கு விடை அனுப்ப வேண்டா என்று கேட்டுக்கொண்டதை ஆனந்தே நினைவுகூர்ந்துள்ளார்.

இந்நிகழ்ச்சியைக் கேட்போர் சிறுவனின் திறமையையே வியப்பர். தாய் எழுதி வைத்த அந்தத் தாளும் வியப்புக்குரியதே. புதிரை ஒருவர் கொண்டுவந்தார். மற்றொருவரோடு அமர்ந்து அதை ஆராய்ந்தார். வீட்டின் ஒரு மூலையில், நாள்தோறும், இருவர் கூடிச் சிந்தித்தனர். பின்னாளில் ஐந்து முறை உலக வாகையர் பட்டம் வென்ற ஒருவரின் தொடக்கம் அவ்வாறு அமைந்தது.

சென்னையில் அவருக்கு வாய்த்த களமும் கூட்டுச் சிந்தனைக்கு உரியதே. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மேனுவல் ஆரன், 1972-இல் சோவியத் பண்பாட்டு மையத்தில் டால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். 1960-இல் உலக வாகையரான மிகைல் டாலின் பெயரை அது தாங்கியது. அங்கே நடந்த விரைவு ஆட்டங்களில் வென்றவர் பலகையில் நீடிப்பார். தோற்றவர் எழுந்து மீண்டும் வரிசையில் நிற்பார். வரிசையில் நிற்பவர் பலகையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறர் ஆட்டத்தைப் பார்ப்பதும், பார்த்ததைப் பேசுவதும், பேசியதை அடுத்த ஆட்டத்தில் சோதிப்பதும் ஒரே மாலையில் நிகழ்ந்துவிடும்.

நால்வரும் ஒரு புதிரும்

கூடிச் சிந்திப்பதன் பயனைச் சொல்லால் விளக்குவதைவிட ஒரு புதிரால் விளக்கலாம். செக்கோஸ்லோவாக்கிய ஆட்டக்காரர் ரிச்சர்ட் ரெட்டி 1921-இல் அமைத்த புதிர் அது. பலகையில் நான்கே காய்கள். வெள்ளை ராஜா எச்8-இலும், வெள்ளைச் சிப்பாய் சி6-இலும் உள்ளன. கறுப்பு ராஜா ஏ6-இலும், கறுப்புச் சிப்பாய் எச்5-இலும் உள்ளன. வெள்ளை முதலில் நகர்த்தி, ஆட்டத்தைச் சமநிலையில் முடிக்க வேண்டும்.

மாணவர் நால்வர் இப்புதிரின்முன் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். முதலாமவர், “கறுப்புச் சிப்பாயைத் துரத்திப் பிடிக்கலாம்; ராஜா எச்7, எச்6 என்று நேரே இறங்கட்டும்” என்கிறார். இரண்டாமவர் விரல்விட்டு எண்ணுகிறார். சிப்பாய் ராணியாவதற்கு நான்கு நகர்த்தல் போதும். ராஜா நான்கு முறை நகர்ந்து எச்4-க்கு வரும்போது சிப்பாய் எச்1-ஐ அடைந்துவிடும். “பிடிக்க முடியாது” என்கிறார் அவர்.

மூன்றாமவர் வேறு வழி சொல்கிறார். “நம் சிப்பாயையே ராணியாக்கலாமே? சி7!” அவ்வாறு நகர்த்தினால் கறுப்பு ராஜா பி7-க்கு வந்து, அடுத்த நகர்த்தலில் சிப்பாயை வெட்டிவிடும். வெள்ளை ராஜா துணைக்குச் செல்லலாம் என்றால், டி7-ஐ அடைய நான்கு நகர்த்தல் தேவை. கறுப்பு ராஜா இரண்டே நகர்த்தலில் சிப்பாயை வெட்டும். அந்த வழியும் அடைபடுகிறது.

நால்வரும் சிறிது நேரம் அமைதியாக இருக்கின்றனர். பிறகு, அதுவரை பேசாதிருந்த நான்காமவர் கேட்கிறார்: “துரத்தினாலும் தோல்வி, துணைக்குப் போனாலும் தோல்வி. இரண்டையும் ஒன்றாகச் செய்யும் பாதை இருக்கிறதா?”

விடை அந்த வினாவில் இருக்கிறது. வெள்ளை ராஜா மூலைவிட்டமாக ஜி7-க்கு நகர்கிறது. கறுப்புச் சிப்பாய் எச்4-க்கு ஓடுகிறது. ராஜா எஃப்6-க்கு வருகிறது. கறுப்பு ராஜா, சிப்பாயை வெட்டுவதற்காகப் பி6-க்கு வருகிறது. இப்போது வெள்ளை ராஜா இ5! அந்த ஒரே கட்டத்திலிருந்து இரு வழிகள் திறக்கின்றன. கறுப்பு ராஜா சி6-இல் உள்ள சிப்பாயை வெட்டினால், வெள்ளை ராஜா எஃப்4, ஜி3 வழியாகச் சென்று கறுப்புச் சிப்பாயைப் பிடித்துவிடும். கறுப்பு, சிப்பாயை எச்3-க்கு ஓட்டினால், வெள்ளை ராஜா டி6-க்குச் சென்று தன் சிப்பாய்க்குத் துணை நிற்கும். இரு தரப்பும் ராணி பெறும். எவ்வாறாயினும் ஆட்டம் சமநிலை. கறுப்பு இரண்டாம் நகர்த்தலில் ராஜாவுக்குப் பதிலாகச் சிப்பாயையே எச்3-க்கு ஓட்டினாலும், வெள்ளை ராஜா இ7 வழியே துணைக்குச் சென்றுவிடும்.

எச்8-இலிருந்து எச்5-க்கு நேரே இறங்க மூன்று நகர்த்தல். எச்8-இலிருந்து இ5-க்கு மூலைவிட்டமாகச் செல்லவும் மூன்றே நகர்த்தல். காகிதத்தில் வரைந்தால் மூலைவிட்டமே நீளமானது; பலகையில் ராஜாவுக்கு இரண்டும் ஒரே தொலைவு. வடிவியலில் படித்த நீளம் வேறு, நகர்த்தலால் அளக்கும் நீளம் வேறு என்பதை இப்புதிர் உணர்த்துகிறது.

விடையைக் கண்டவர் யார்? நான்காமவர் என்று கூறுவது முழு உண்மையாகாது. முதலாமவரும் மூன்றாமவரும் இரு பாதைகளைக் காட்டினர். இரண்டாமவர் ஒன்றன் பிழையை எண்ணிக் காட்டினார். அந்தத் தவறான விடைகள் பலகைமீது வைக்கப்படாவிட்டால் நான்காமவரின் வினா பிறந்திருக்காது. தவறான விடையைச் சொல்ல ஒருவர் துணிந்தால்தான் சரியான வினா பிறக்கிறது.

நகர்த்தலே சான்று

கூட்டாக ஆராய்வதிலும் குறைகள் நேரலாம். உரத்துப் பேசுபவரின் கருத்தே நிலைத்துவிடும். கூச்சமுள்ளவர் வாய் திறக்கமாட்டார். எல்லாரும் சேர்ந்தே தவறான முடிவுக்கு வருவதும் உண்டு. இக்குறைகளுக்குச் சதுரங்கம் தன்னிடமே மருந்து வைத்துள்ளது. அங்கே ஒரு கருத்தை மறுக்க வேண்டுமானால் குரலை உயர்த்திப் பயனில்லை. ஒரு நகர்த்தலைக் காட்ட வேண்டும். பட்டம் பெற்ற ஒருவர் “இந்நிலை வெல்லத்தக்கது” என்று கூறினாலும், எட்டு வயதுச் சிறுமி ஒரு நகர்த்தலைக் காட்டினால் அக்கூற்று அங்கேயே வீழ்ந்துவிடும். வயதும் பட்டமும் அங்கே சான்றாகா.

அவ்வாறு கூடிச் சிந்திப்போரின் வலிமை எத்தகையது என்பதை 1999-இல் நடந்த ஓர் ஆட்டம் காட்டியது. அன்றைய உலக வாகையர் காரி காஸ்பரோவ் ஒருபுறம் ஆடினார். மறுபுறம் 75-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 50,000-க்கும் மேற்பட்டோர், ஆராய்ந்து வாக்களித்து ஒவ்வொரு நகர்த்தலையும் தேர்ந்தெடுத்தனர். இரினா கிருஷ் என்னும் பதின்வயது ஆட்டக்காரர் பரிந்துரைத்த பத்தாம் நகர்த்தல், அதுவரை அறியப்படாத புதிய பாதையில் ஆட்டத்தைத் திருப்பியது. காஸ்பரோவ் 62 நகர்த்தல்களில் வென்றார். எனினும், தாம் ஆடிய வேறெந்த ஆட்டத்திற்கும் இவ்வளவு உழைத்ததில்லை என்று அவரே கூறும் அளவுக்கு அந்தக் கூட்டுச் சிந்தனை அவரை நெருக்கியது.

இயந்திரம் தரும் விடை

1997-இல் டீப் புளூ என்னும் கணினி காஸ்பரோவை வென்றது. இன்று கைப்பேசியில் இயங்கும் ஒரு செயலியே உலக வாகையரைவிட வலிமையாக ஆடுகிறது. ஓர் ஆட்டத்தை அதனிடம் கொடுத்தால், எந்த நகர்த்தல் பிழை, எது சரி என்பதை நொடியில் காட்டிவிடுகிறது. அவ்வாறிருக்க, நால்வர் கூடி அரைமணி நேரம் தலையைச் சொறிய வேண்டியது ஏன் என்று இன்றைய மாணவர் கேட்கக்கூடும். அது நேர்மையான வினா.

இயந்திரம் செய்துள்ள நன்மையை மறுக்க இயலாது. பயிற்சியாளர் இல்லாத சிற்றூரில் வாழும் மாணவருக்கும் பெருநகரத்து மாணவருக்கும் ஒரே தரமான விடை கிடைக்கிறது. முன்பு நூல்களுக்கும் இதழ்களுக்கும் ஏங்கிய தலைமுறைக்கு இது கனவிலும் கிட்டாத வாய்ப்பு. ஆனால் இயந்திரம் விடையைத் தருகிறது. விடைக்குச் செல்லும் வழியைத் தருவதில்லை. ஒரு நிலைக்கு +1.3 என்று அது மதிப்பிடும். குதிரையை ஏன் பின்னுக்கு எடுத்தாய், எதற்குப் பயந்தாய் என்று அது கேட்பதில்லை. பிழை எங்கே நேர்ந்தது என்று காட்டும். பிழை செய்த மனத்தை அது அறியாது. அம்மனத்தைத் திருத்தாமல் நகர்த்தலை மட்டும் திருத்தினால், அதே பிழை வேறொரு நிலையில் வேறொரு வடிவில் திரும்பவரும்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த குகேஷ் தம் 18-ஆம் வயதில் உலக வாகையரானார். சீனாவின் டிங் லிரெனுக்கு எதிரான 14-ஆவது ஆட்டம் அப்பட்டத்தை முடிவுசெய்தது. சமநிலையை நோக்கிச் சென்ற அவ்வாட்டத்தின் 55-ஆம் நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். செயலியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த உலகெங்கிலும் உள்ள பார்வையாளர்களுக்கு அப்பிழை உடனே தெரிந்தது. பலகையின்முன் இருந்த குகேஷுக்கு அதைச் சொல்ல எவரும் இல்லை, அவரே கண்டுகொண்டார். யானைகளும் மந்திரிகளும் வெட்டுப்பட்டு, ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சின. 58-ஆம் நகர்த்தலுடன் ஆட்டம் முடிந்தது, 7.5 – 6.5 என்ற கணக்கில் பட்டம் குகேஷின் வசமானது.

அவருடைய வளர்ச்சிக் காலத்தில் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, கணினிச் செயலியை நாடாமல் சொந்தமாகக் கணக்கிட்டு ஆராயும் முறையில் அவரைப் பயிற்றுவித்தார். பின்னர் உயர்நிலைப் போட்டிகளுக்கு ஆயத்தமாகையில் இயந்திரமும் துணையாயிற்று. அதன் உதவியை எப்போது ஏற்பது என்பதிலேயே அப்பயிற்சியின் நுட்பம் இருக்கிறது. பலகையின்முன் அமரும் வேளையில் எந்தச் செயலியும் உடன்வராது என்பதை அறிந்த வரிசை அது.

வரிசை மாறாதிருக்க

இயந்திரம் வேண்டுமா, வேண்டாவா என்பது பொருத்தமான வினா அன்று. எதற்குப்பின் எது என்பதே உரிய வினா. முதலில் தன் அறிவு, அடுத்து நண்பரின் அறிவு, இறுதியில் இயந்திரம். ஆட்டம் முடிந்ததும் தன் எண்ணங்களைத் தன் சொற்களில் எழுத வேண்டும். பிறகு எதிரில் ஆடியவரோடும் நண்பரோடும் அவற்றை ஒப்பிட வேண்டும். அதன்பின் இயந்திரத்தைக் கேட்டால், அது சொல்லும் ஒவ்வொரு விடையும் முன்பே எழுந்த ஒரு வினாவுக்கு விடையாக வந்துசேரும். வரிசை தலைகீழானால், வினா எழுவதற்குமுன் விடை வந்து அமர்ந்துவிடும். சிந்தனைக்கு அங்கே இடமில்லை.

இவ்வரிசை சதுரங்கத்திற்கு மட்டும் உரியதன்று. தேர்வு முடிந்து திருத்தப்பட்ட விடைத்தாள் வகுப்பறையில் வழங்கப்படுகிறது. மாணவர் மதிப்பெண்ணைப் பார்க்கிறார், தாளை மடிக்கிறார், பைக்குள் வைக்கிறார். அடுத்த இருக்கையில் இருப்பவர் அதே கணக்கை வேறு வழியில் செய்திருப்பார். அது அவருக்குத் தெரியாது. இரு தாள்களையும் அருகருகே விரித்து, “இந்த வரியில் நீ என்ன நினைத்தாய்?” என்று ஒருவரையொருவர் கேட்பதற்குப் பத்து நிமிடம் போதும். அவ்வாறு கேட்கும் வகுப்பறையில் தவறு செய்வது வெட்கத்திற்குரியதாக இராது. அனைவரும் சேர்ந்து ஆராயும் பொருளாகிவிடும்.

தோல்வி யாருக்கும் இனிப்பதில்லை. அதைத் தனியே பார்க்கும்போது கசப்பு மட்டுமே தெரியும். மற்றொருவரோடு அமர்ந்து பார்க்கும்போது காரணமும் தெரியும். சட்டைப்பைக்குள் மடித்து வைத்த தாளை எடுத்து விரிக்க ஒரு கை போதும். அதைச் சேர்ந்து படிக்க, எதிரில் ஒருவர் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. ரெட்டியின் புதிரைப் பலகையில் அடுக்கி, நால்வர் கொண்ட குழுவாகக் கலந்துரையாடுக. கறுப்பு வேறு எவ்வாறெல்லாம் நகர்த்தலாம் என்று ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் வெள்ளையின் மறுமொழியை எழுதுக.

2. அண்மையில் திருத்தித் தரப்பட்ட உங்கள் விடைத்தாளில் ஒரு பிழையைத் தேர்ந்தெடுத்து, அப்போது மனத்தில் ஓடிய எண்ணத்தை ஒரு பத்தியில் எழுதுக. அதை நண்பரின் விடையோடு ஒப்பிட்டு வகுப்பில் பேசுக.

3. ‘இயந்திரம் விடையைத் தருகிறது, விடைக்குச் செல்லும் வழியைத் தருவதில்லை’ – இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.